லிவர் மாற்றிய கதை: கிளட்ச் பக்கம் முக்கால் மணி நேரம், பிரேக் பக்கம் மூன்று நாள்

மழையில் ஊறிய மண்ணில் சைடு ஸ்டாண்டு போட்டு என் பைக்கை நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். ஸ்டாண்டின் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. திரும்பி வந்தபோது வண்டி இடது பக்கமாகப் படுத்துக் கிடந்தது. தூக்கி நிறுத்திப் பார்த்தேன். கண்ணாடி, இண்டிகேட்டர், டேங்க் எல்லாம் தப்பித்துவிட்டன. ஹேண்டில்பாரின் இடது பக்கம் விரல்களால் இழுக்கும் கிளட்ச் லிவர் மட்டும் பாதியில் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் உலோகம் மணிமணியாக, உப்புக்கல்லை உடைத்தது போல இருந்தது. வார்ப்பு அலுமினியம் அப்படித்தான் உடையும். கொஞ்சம் வளையும், அதற்கு மேல் ஒரே நொடியில் முறிந்துவிடும்.

மிச்சமிருந்த துண்டில் இரண்டு விரல் வைக்க இடம் இருந்தது. அதை வைத்தே மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

வலது பக்கத்தில் இருக்கும் முன் பிரேக் லிவர் உடையவில்லை. ஆனால் அதையும் மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் நன்றாகவே ஆடும். லிவர் சுழலும் போல்ட்டின் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் இப்படித்தான் ஆடும். ஓட்டையில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே நுனியில் அது பல மடங்காகத் தெரியும். சரி, ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று வண்டியின் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் சொல்லி ஒரு ஜோடி வாங்கினேன். கம்பெனி பாகம் இல்லை, வெளிச்சந்தையில் கிடைக்கும் சாதாரண லிவர்கள்தான். மடங்கும் வகை, ஆறு நிலைகளில் தூரம் மாற்றும் வகை எல்லாம் இருந்தன. என் கைக்கு ஏற்கெனவே இருந்த தூரமே சரியாக இருந்ததால் அவற்றின் பக்கம் போகவில்லை. நுனியில் உருண்டை இருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பார்த்து வாங்கினேன். அந்த உருண்டை அழகுக்கு வைத்ததில்லை. விழும்போது லிவர் யார் உடம்பிலும் குத்தி இறங்காமல் இருப்பதற்கு. சாலைப் பந்தய விதிகளில் அந்த உருண்டை குறைந்தது 16 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வளைந்த லிவரைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். வளைந்த இடத்தின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏற்கெனவே இருக்கலாம். நிமிர்த்தும்போது அது இன்னும் பெரிதாகும். கிளட்ச் பக்கமானால் நடுவழியில் நிற்க வேண்டிவரும். பிரேக் பக்கமானால் அவசரத்தில் இழுக்கும் அந்த ஒரு முறையில்தான் அது உடையும்.

கிளட்ச் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் ரப்பர் உறையைக் கேபிளின் மேல் பின்னால் தள்ளினேன். உள்ளே கேபிளின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரும் அதன் பூட்டு வளையமும் இருக்கின்றன. வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே முழுவதுமாகச் சுற்றி ஏற்றினால் கேபிள் தளரும். அட்ஜஸ்டர், வளையம், லிவர் உட்காரும் பிடி, மூன்றிலும் நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கும். மூன்று வெட்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி திருப்பி வைத்தேன். கேபிள் இந்த வழியாகத்தான் வெளியே வரும். இதைச் செய்யாமல் கேபிளை இழுத்துக்கொண்டு போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெட்டு விலகியிருந்தாலும் கேபிள் வராது.

அடுத்தது போல்ட். என் வண்டியில் மேலே ஸ்குரூ டிரைவர் வெட்டுள்ள தலை, கீழே 10 மி.மீ. நட்டு. மேலே ஸ்குரூ டிரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதலில் நட்டைக் கழற்ற வேண்டும். நட்டு வந்ததும் போல்ட் தானாக வந்துவிடாது. லிவரை மேலும் கீழும் அணைத்து நிற்கும் பிடியின் இரண்டு காதுகளில், கீழ்க்காதிலும் மரை இருக்கிறது, அதையும் சுற்றித்தான் எடுக்க வேண்டும். போல்ட்டின் நடுப்பகுதி மரை இல்லாமல் வழவழப்பாக இருக்கும். லிவர் சுழல்வது அந்தப் பகுதியில்தான்.

லிவரை வெளியே இழுத்ததும், கேபிள் முனையில் இருக்கும் சிறிய உருளையைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிக் கழற்றினேன். இதைச் சைக்கிள் காலத்திலிருந்தே நிப்பிள் என்றுதான் சொல்கிறோம். கழற்றியதும் நிப்பிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேபிள் அதற்குள் நுழையும் இடத்தில் இரண்டு கம்பி இழைகள் அறுந்து, மெல்லிய முடி போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விரலில் குத்தியபோதுதான் கவனித்தேன்.

இழை ஏன் அறுந்தது என்று பார்த்தால், பழைய லிவரின் ஓட்டையில் நிப்பிள் சுற்றவே இல்லை. பழைய கிரீஸும் தூசும் சேர்ந்து கல் போல இறுகியிருந்தது. லிவரை இழுக்கும்போது நிப்பிள் தன் இடத்திலேயே கொஞ்சம் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒவ்வொரு முறையும் கேபிள் அந்த ஓரத்தில் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை உடைக்க நாம் முன்னும் பின்னும் வளைப்போமே, அதே வேலைதான் அங்கே நாள் முழுக்க நடக்கிறது. நகரப் போக்குவரத்தில் ஒரு நாளில் எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால், இரண்டு இழையோடு போனது நல்ல காலம்.

அதனால் கேபிளையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. புதுக் கேபிளைப் பழைய கேபிளின் மேல்முனையில் கட்டி, கீழே எஞ்சின் பக்கத்திலிருந்து பழையதை இழுத்து, அதே வழியில் புதியதைக் கொண்டுவந்தேன். டேங்குக்கு அடியில் எந்த வளையத்துக்குள் போகிறது, எதற்கு முன்னால் திரும்புகிறது என்பதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். வழி மாறினால் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கேபிள் இழுபடும்.

புது லிவரில் நிப்பிளைப் போடுவதற்கு முன்னால் வெறும் நிப்பிளை ஓட்டையில் விட்டு விரலால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது. கிரீஸ் தடவி மாட்டினேன். போல்ட்டின் வழவழப்பான பகுதியிலும், லிவர் பிடியோடு உரசும் மேல் கீழ் முகங்களிலும் லேசாக கிரீஸ். அள்ளிப் பூச வேண்டியதில்லை. வெளியே பிதுங்கும் கிரீஸ் தூசியைத்தான் சேர்க்கும்.

போல்ட் டைட் செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் போல்ட்டுக்கு 1 நியூட்டன் மீட்டர், கீழே உள்ள நட்டுக்கு 6 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. 1 நியூட்டன் மீட்டர் என்றால் ஸ்குரூ டிரைவரை விரல் நுனிகளால் சுற்றி, நின்றதும் விட்டுவிடுவது, அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் பிடியின் இரண்டு காதுகளும் நெருங்கி லிவரை நசுக்கும். லிவர் இழுத்தால் வரும், விட்டால் பாதியில் நிற்கும். போல்ட்டை அந்த அளவில் நிறுத்தி, லிவரை இழுத்து விட்டுப் பார்த்து, தாராளமாகத் திரும்புகிறது என்று தெரிந்த பிறகுதான் நட்டைப் போட்டேன். நட்டை இறுக்கும்போது மேலே ஸ்குரூ டிரைவரால் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றி, கஷ்டப்பட்டு வைத்த அளவு போய்விடும்.

அப்புறம் ப்ளே, அதாவது லிவர் சும்மா வரும் தூரம். லிவரை இழுக்க ஆரம்பித்ததும் நுனி 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா வர வேண்டும், அதன் பிறகுதான் கேபிள் இழுபட வேண்டும் என்பது என் வண்டியின் அளவு. நான் 12 மி.மீ. வைத்தேன். பெரிய அளவைக் கீழே எஞ்சின் பக்க அட்ஜஸ்டரிலும், நுணுக்கத்தை மேலேயும் வைத்தேன். ப்ளே இல்லாவிட்டால் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேய்ந்துபோகும். அதிகமாக இருந்தால் லிவரை இழுத்தாலும் தட்டுகள் முழுதாக விலகாது, கியர் கடக்கென்று விழும், நியூட்ரல் கிடைக்காது. முடித்ததும் முதலில் நேர்கோட்டில் வைத்த வெட்டுகளை மறக்காமல் விலக்கிவிட்டேன். நேராக விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

லிவருக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. கியரில் இருக்கும்போது கிளட்ச் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று பார்த்துக்கொள்வது அதுதான். புது லிவரின் குதிகால் அதைச் சரியாக அழுத்துகிறதா என்று, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கியரில் போட்டு இரண்டு விதமாகவும் சோதித்தேன். கிளட்ச் பிடித்தால் ஸ்டார்ட் ஆனது, பிடிக்காவிட்டால் ஆகவில்லை. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன். கிளட்ச் ப்ளே எங்கேயும் குறையவில்லை. கேபிள் மாற்றியதைக் கழித்தால் கிளட்ச் பக்கம் முக்கால் மணி நேர வேலை.

பிரேக் பக்கம் அதைவிட எளிது என்று நினைத்தேன். கழற்ற என்னவோ எளிதுதான். கேபிள் இல்லை, ஒரு போல்ட், ஒரு நட்டு. லிவரின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை உள்ளே ஒரு பூட்டு வளையம் பிடித்திருப்பதால் லிவரை எடுத்தாலும் பிஸ்டன் வெளியே வராது, பிரேக் ஆயிலும் ஒழுகாது. கால் மணி நேரத்தில் புது லிவர் ஏறிவிட்டது. பிஸ்டனைத் தொடும் மூக்குப் பகுதியிலும் போல்ட்டிலும் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே தடவினேன். இந்தப் பக்கம் சாதாரண கிரீஸைக் கொண்டுபோகக் கூடாது. பிரேக் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஊதிய சீல் சிலிண்டருக்குள் திரும்பாது.

பிடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது. பழைய லிவரில் விரல் கொஞ்ச தூரம் சும்மா போய்த்தான் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும். புதியதில் தொட்டவுடனே கல் போல நின்றது. ஆட்டமே இல்லை. மாற்றியதற்கு இதுதான் பலன் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். பிரேக் விளக்கு எரிந்தது, விட்டதும் அணைந்தது. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் சுற்றியது, கொஞ்சம் சீக்கிரம் நின்றதோ என்று ஒரு சந்தேகம்.

அந்தச் சந்தேகம்தான் என்னைக் காப்பாற்றியது.

பிரேக் லிவரில் அந்தச் சும்மா வரும் தூரம் தேய்மானத்தால் வந்த குறை இல்லை, அது இருக்க வேண்டிய தூரம். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு நுண்ணிய துளை இருக்கிறது. பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து நிற்கும்போது மட்டும் அந்தத் துளை திறந்திருக்கும். லிவரை இழுத்ததும் பிஸ்டனின் சீல் அந்தத் துளையைக் கடந்து மூடும், அதன் பிறகுதான் அழுத்தம் உண்டாகும். விட்டதும் மறுபடி திறக்கும். பிரேக் போடப் போட, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் நெருக்கிப் பிடிக்கும் காலிப்பர் சூடாகி, உள்ளே இருக்கும் ஆயில் விரியும். விரிந்த ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் மேலே இருக்கும் டப்பாவுக்குத் திரும்புகிறது.

லிவரின் மூக்கு கொஞ்சம் நீளமாக இருந்து பிஸ்டனைச் சதா லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் துளை திறக்காது. விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லை. அது பேடுகளை டிஸ்க்கின் மேல் தள்ளும். பேடு உரசினால் இன்னும் சூடு, சூட்டில் ஆயில் இன்னும் விரியும், இன்னும் அழுத்தும். நிறுத்தி வைத்திருக்கும்போது எதுவும் தெரியாது. சில கிலோமீட்டர் ஓடிய பிறகு, நாம் லிவரைத் தொடாமலே முன் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும். முற்றினால் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் பூட்டினால் என்ன ஆகும் என்று வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஹேண்டில்பாரைத் திருப்பி டப்பா மட்டமாக நிற்கும்படி வைத்தேன். டேங்கின் மேலும் சுற்றியும் ஈரத்துணி போர்த்தினேன், பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். மூடியைத் துடைத்துவிட்டு, திருகுகளைக் கழற்றித் திறந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தபடி லிவரை மிக மெதுவாக இழுத்தேன். துளை திறந்திருந்தால், இழுக்க ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் ஆயிலுக்குள் ஒரு குட்டி ஊற்று எழும்பும். வேகமாக இழுத்தால் மேலேயே பீய்ச்சும். அப்புறம் சீல் மூடியதும் அடங்கிவிடும்.

புது லிவரில் ஆயில் அசையவே இல்லை. மூன்று முறை பார்த்தேன், மேற்பரப்பு குளம் போல அப்படியே இருந்தது. லிவரைக் கழற்றிவிட்டு பிஸ்டனை மழுங்கிய ஒரு குச்சியால் லேசாகத் தள்ளினேன். உடனே ஊற்று எழும்பியது. பழைய லிவரை மாட்டினேன். அதிலும் எழும்பியது. ஆக சிலிண்டரில் குறை இல்லை, லிவரில்தான்.

இரண்டு லிவரையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒரே போல்ட்டை இரண்டு ஓட்டையிலும் விட்டு, லிவரை விட்டதும் பிடியில் முட்டி நிற்கும் முகங்களைச் சேர்த்துப் பிடித்தேன். புதியதன் மூக்கு பழையதைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுண்ணளவு காட்டும் வெர்னியர் கருவியில் 0.6 மி.மீ. கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் என் லிவரில் போல்ட்டிலிருந்து மூக்கு 25 மி.மீ. தூரத்திலும், விரல் பிடிக்கும் இடம் 140 மி.மீ. தூரத்திலும் இருக்கின்றன. மூக்கில் 0.6 என்றால் விரலில் 3 மி.மீ.க்கு மேல். பழைய லிவரில் சும்மா வந்துகொண்டிருந்த தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மொத்தத்தையும் அந்த 0.6 தின்றுவிட்டது.

பழைய மூக்கு தேய்ந்துபோயிருப்பதால்தான் இந்த வித்தியாசமோ என்றும் யோசித்தேன். அதன் முனையில் தட்டையாக ஒரு தேய்ந்த இடம் இருந்தது உண்மைதான். அதனால் கம்பெனி லிவர் ஒன்றை வரவழைத்தேன். அதற்குத்தான் மூன்று நாள். வந்ததும் மூன்றையும் ஒன்றாக வைத்து அளந்தேன். கம்பெனி லிவரின் மூக்கு பழையதைவிட 0.1 மட்டுமே அதிகம். மீதி 0.5 முழுக்க அந்த வெளிச்சந்தை லிவரின் வார்ப்புப் பிழை.

மூக்கை அரத்தால் ராவிச் சரிசெய்திருக்கலாமே என்று தோன்றலாம். அரை மில்லிமீட்டர்தானே. எனக்கு மனம் வரவில்லை. மூக்கின் முகம் பிஸ்டனை நேராகத் தள்ள வேண்டும். கையால் ராவும்போது கோணம் மாறினால் பிஸ்டன் பக்கவாட்டில் உரசி சிலிண்டர் சுவர் கீறும். மேலே பூசிய கடினப் பூச்சும் போய்விடும், தேய்மானம் வேகமாகும். அந்த லிவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது, எந்த இடத்தில் எவ்வளவு நீளம் என்று அளந்து குறித்த சீட்டையும் ஒட்டி அனுப்பினேன். அதே பெட்டியிலிருந்து இன்னொருவர் வாங்கி மாட்டியிருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

கம்பெனி லிவரை மாட்டி மறுபடி டப்பாவைத் திறந்து பார்த்தேன். முதல் இழுப்பிலேயே ஊற்று. விரலில் சும்மா வரும் தூரம் கிட்டத்தட்ட 2.5 மி.மீ. மூக்குக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மெல்லிய காகிதத் துண்டு தடையில்லாமல் போய்வந்தது. மூடியை அதன் ரப்பர் படலத்தோடு மடிப்பில்லாமல் உட்காரவைத்து மூடி, சுற்றிலும் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

லிவரின் கோணம் வைப்பதை வண்டியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ஓட்டும்போது உட்காருவது போலவே உட்கார்ந்து, கைகளை இயல்பாக நீட்டி, விரல்களை லிவரின் மேல் வைத்தால், முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே சாய்வாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலேயும் மடங்கக் கூடாது, கீழேயும் மடங்கக் கூடாது. என் பழைய பிரேக் பிடி ரொம்ப மேலே தூக்கியிருந்தது. நீண்ட தூரம் போனால் வலது மணிக்கட்டு வலிப்பதற்குக் காரணம் இதுதான் என்று இப்போதுதான் புரிந்தது. பிடியைத் தளர்த்தி இறக்கினேன். மாஸ்டர் சிலிண்டர் பிடியில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி இருக்கிறது. அது மேலே இருக்கும்படி வைத்து, முதலில் மேல் போல்ட்டை முழுதாக இறுக்கி, பிறகு கீழ் போல்ட்டை இறுக்க வேண்டும். பிடியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்போது கீழ்ப்பக்கம் மட்டும்தான் தெரியும்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தல். முதலில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் நான்கைந்து முறை பிரேக் போட்டேன். பிறகு பத்து கிலோமீட்டர், வேண்டுமென்றே முன் பிரேக்கை அடிக்கடி பயன்படுத்தி, டிஸ்க் நன்றாகச் சூடாகும்படி ஓட்டினேன். திரும்பி வந்த உடனே, சூடு ஆறுவதற்குள் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். பேடு லேசாக உரசும் சத்தத்தோடு தாராளமாகச் சுற்றியது. குளிர்ந்த வண்டியில் எத்தனை முறை சுற்றிப் பார்த்தாலும் இந்தக் குறை பிடிபடாது, சூடான பிறகு பார்ப்பதுதான் சோதனை. லிவரில் அந்த 2.5 மி.மீ. அப்படியே இருந்தது.

ஒருவேளை வழியிலேயே முன் பிரேக் தானாகப் பிடிக்கிறது, லிவர் ப்ளே இல்லாமல் கல்லாகிவிட்டது என்றால் அதற்கு மேல் ஒரு அடி கூட ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி, லிவர் போல்ட்டைக் கழற்றி லிவரைப் பிஸ்டனிலிருந்து விலக்கினால் பிஸ்டன் பின்னால் வந்து அழுத்தம் இறங்கும். சக்கரம் விடுபட்டாலும் அதே லிவரை மாட்டி ஓட்டக் கூடாது. வண்டியை ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இரண்டு நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. புதுக் கேபிள் கொஞ்சம் நீண்டிருந்தது, கிளட்ச் ப்ளே 12-இலிருந்து 16 மி.மீ. ஆகியிருந்தது. மேலே அட்ஜஸ்டரில் இரண்டு சுற்று. பழைய பிரேக் லிவரைத் துடைத்து, துணியில் சுற்றி, 10 மி.மீ. ஸ்பேனரோடு சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சைடு ஸ்டாண்டின் பாதத்துக்கு வைக்க ஒரு தட்டையான பலகைத் துண்டும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.